புறங்கைக் கொப்புளமும் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும்



1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் நம்மில் பல. கிளிநொச்சி வெயிலில் கூலிவேலை. புறங்கையில் கொப்புளம் வந்தால் வெயில் என்கிறோம். அயலவர் தொழுநோய் என்று ஒதுங்குகிறார்கள்.

போர்பீரியா என்று அபூர்வமான ஒரு நோய் இருக்கிறது. தொற்றாது. ஈரலில் மிஞ்சும் ஒரு பொருள் தோலில் சேர்ந்து, வெயில் பட்டதும் கொப்புளிக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறமாகலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை இதைத் தூண்டலாம்; சாராயமும்தான், ஆண்கள் சிரிக்க வேண்டாம்! துருக்கியில் 1950களில் பூஞ்சணமருந்து பூசிய விதைக் கோதுமையைத் தின்று ஆயிரக்கணக்கானோர் இப்படி வருந்தினார்கள்.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கையை டாக்டரிடம் காட்டும்போது அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வேறு முறை தருவார். சிறுநீரைச் சோதிப்பார்கள். வைத்தியம், இரும்பைக் குறைக்கச் சிறிது சிறிதாக இரத்தம் எடுப்பது. இரத்தசோகை உள்ளவருக்கு மலேரியாக் குளிசை, மிகக் குறைந்த அளவில், டாக்டர் அளந்து தருவார்.