கலைஞர் பள்ளிக்கு வரும்போது



மதுரையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆண்டு விழாவன்று கலைஞர்கள் வாயிலில் நின்று வாசிப்பார்கள். சிறப்பு விருந்தினரின் வண்டி உள்ளே நுழைந்ததும் எவரேனும் ஓடிவந்து கையசைத்து வாசிப்பை நிறுத்திவிடுவார். பின்னர் மூன்று மணி நேரம் சொற்பொழிவுகள் நடைபெறும். இளமை முதல் சாதகம் செய்த அக்கலைஞர்களோ ஊதியத்திற்காக வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். ஆசிரியப் பணியில் நான் இருந்த காலத்தில் இக்காட்சியைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். கலை வாயிலோடு நிற்க வேண்டியது என்னும் பாடத்தை மாணவர்கள் அங்கே சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் இளையோருக்கும் கலைக்கும் நெருங்கிய உறவு இருந்த நகரம் இது. 1918-ஆம் ஆண்டில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் நடித்தவர்கள் சிறுவர்களே. பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி. க. சண்முகம் ஆறு வயதில் தம் தமையன்மாருடன் அச்சபையில் சேர்ந்தார். பிள்ளைகளை வீட்டினின்று பிரித்து ஊர் ஊராக அழைத்துச் சென்ற அம்முறை மீண்டும் வரவேண்டுமென்று நான் கூறமாட்டேன். பள்ளி செல்ல வேண்டிய வயது அது. ஆயினும் பெரும்புலவர் ஒருவரின் அருகே அமர்ந்து, அவர் வாயிலிருந்தே பாட்டையும் உரையாடலையும் கேட்டுப் பயிலும் பேறு அச்சிறுவர்களுக்குக் கிட்டிற்று. அந்த அருகாமைதான் இன்றைய பள்ளிகளில் இல்லை.

சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் இயற்றிய வள்ளி திருமணம் மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது. இதனை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து சேர்வார்கள். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. மேடையேறியதும் நாரதர் ஒரு கேள்வி தொடுப்பார். வள்ளி பாட்டாலும் உரையாலும் மடக்குவார். ஆர்மோனியக்காரர் இருவரின் சுருதிக்கும் ஈடுகொடுப்பார். அடுத்து என்ன வரும் என்பது எதிராளிக்கே முழுதும் தெரியாது! திரைப்படத்திலும் கைபேசியிலும் ஆயிரம் காட்சிகள் கிடைக்கலாம். ஒருவர் விழிப்பாக இருப்பதைப் பார்த்து நாமும் விழித்துக்கொள்ளும் அனுபவம் நேரில்தான் கிடைக்கும். வானொலியில் பேசிக்கொண்டே இதைக் கூறுகிறேனே என்று நீங்கள் நகைக்கலாம். நகையுங்கள், உண்மை அதுதான்.

இரவு முழுதும் நடப்பதைப் பள்ளிக்கு எவ்வாறு கொணர்வது? முழுவதையும் கொணர வேண்டியதில்லை. வள்ளி நாரதர் தர்க்கத்தில் அரைமணி நேரப் பகுதி போதும். அது முடிந்தபின் மாணவர்கள் வினவ, நடிகர்கள் விடை கூற வேண்டும்.

இம்முறைக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நியூயார்க்கில் பயின்றபோது துருபத் இசையைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்த கிரண் சேத், தில்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்தபோது 1977-இல் ஸ்பிக் மெக்கே என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். பெருங்கலைஞர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்து, முதலில் தம் கலையை விளக்கி, பின்பு நிகழ்த்துகிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை. ஏற்பாடுகளைப் பெரும்பாலும் மாணவத் தொண்டர்களே செய்கிறார்கள்.

தமிழக அரசும் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. மேடையையே கண்டிராத பிள்ளைகள் அதனால் மேடையேறினார்கள்; நல்ல பணி. ஆனால் போட்டியில் வெல்ல ஆடுவது வேறு. தேர்ந்தவர் ஒருவர் ஆடும்போது ஓசையின்றி அமர்ந்து காண்பது வேறு. முன்னதற்குப் பரிசு உண்டு என்பதால் பின்னதை மறந்துவிடலாகாது.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சி நடக்கையில் சிலர் பிரம்புடன் ஓரத்தில் நிற்கிறார்கள். சிலர் ஓய்வறையில் விடைத்தாள் திருத்துகிறார்கள். ஆசிரியர் கேளாத பாட்டை மாணவன் ஏன் கேட்பான்? ஆகவே, முதல் நாள் மாலை கலைஞர் ஆசிரியர்களோடு மட்டும் ஒரு மணி நேரம் அமர வேண்டும் என்பது என் கருத்து. நாதசுரத்தில் விரல்களுக்கு ஏழு துளைகள் இருக்க, அவற்றின் கீழே மேலும் ஐந்து துளைகள் எதற்கு? இயற்பியல் ஆசிரியர் கேட்கட்டும். தவிலின் ஒரு பக்கத்தைக் கோலாலும் மறுபக்கத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கையில் கணக்கு எங்கே ஒன்றுசேர்கிறது? கணித ஆசிரியர் தாளம் போட்டுப் பார்க்கட்டும். தோற்பாவைக்கூத்தில் விளக்கை நகர்த்தினால் நிழல் வளர்வது ஏன் என்பதை மறுநாள் வகுப்பில் விளக்க ஓவிய ஆசிரியருக்கும் வாய்ப்புண்டு. வந்தவர் ஒருவர்; பயன்பெறுவதோ பல பாடங்கள்.

காலத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் இக்கலைஞர்களுக்குத் திருவிழாக்களில் வேலை மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிகழ்ச்சிகள் குறைவு. அப்போது பள்ளிகள் நடந்துகொண்டிருக்கின்றன. அம்மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கிவிட்டு, ஊதியத்தையும் வண்டிச் செலவையும் முன்னரே பேசி முடித்து, உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ ஒரு கடிதம் எழுதினால் அவர்கள் வருவார்கள். ஊதியத்தைத் தலைமையாசிரியரின் அறையில், நாற்காலியில் அமரச் செய்து, நிகழ்ச்சி முடிந்த உடனேயே கொடுத்துவிட வேண்டும்.