வீட்டின் விலை வேறு, குடியிருக்கும் செலவு வேறு

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம், "உங்க வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவது. முப்பது வருடமாக இதுதான். எங்கள் உறவினர் வீட்டு விசேஷங்களில், "ஊருக்கெல்லாம் வீடு கட்டறியே, உனக்கு ஒண்ணு கட்டினியா?" என்று கேட்பார்கள். இன்னும் ஹவுசிங் லோன் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்த வேலை என்றதும் சிமெண்டு, கம்பி, செங்கல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. மீதி என்ன என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. மறுவருடம், 1971இல், அதற்கான சட்டம் வந்தது. 2021இல் அந்த வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் சென்னையில் இன்னொரு முறை வந்தது. வீட்டை முழுசாகக் கட்டிக் கொடுக்காமல், சின்ன மனை, சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி, மின்சாரம் எல்லாம் கொடுத்துவிடுவது. வீட்டை அவரவர் கையில் காசு சேரச்சேர எழுப்பிக்கொள்வது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் பகுதிகளில் இப்படி மனைகள் போட்டார்கள். இன்றைக்கு அந்தத் தெருக்களில் போய்ப் பாருங்கள். கீழே கடை, மேலே இரண்டு மாடி, அதற்கு மேல் வாடகைக்கு ஒரு போர்ஷன். எந்த என்ஜினீயரும் வரைந்து கொடுத்ததல்ல. குடும்பங்கள் தாங்களாக வளர்த்தவை.

பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. குடியிருப்புகள் ஊருக்கு வெளியே நகர்ந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு வந்தன. அங்கே லிப்ட் வைத்த அடுக்குமாடிகள். 2022 மே மாதம் அதே பெரும்பாக்கத்தில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. ஆக, வேகமாகவும் உயரமாகவும் கட்ட நமக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் "மலிவு வீடு" என்ற சொல்லில் மலிவு யாருக்கு, எதில் என்பதுதான் கேள்வி. நாம் வீட்டின் விலையைக் கணக்குப் போடுகிறோம். குடியிருப்பவர் மாதச் செலவைக் கணக்குப் போடுகிறார். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா கட்டட வேலை. மாதத்தில் இருபது நாள் வேலை கிடைத்தால் பெரிசு. அம்மா பக்கத்துத் தெருவில் மூன்று வீடுகளில் சமையல், பாத்திரம், வீட்டுக்கு ரூ. 3,000. ஆற்றோரத்திலிருந்து இவர்களை இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைக்கிறோம். வீட்டை இலவசமாகவே கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவால் இனி மூன்று வீடு பார்க்க முடியாது, ஒன்று போய்விடும். அங்கே ரூ. 3,000 நஷ்டம். அப்பாவுக்குப் போக வர நாளுக்கு ரூ. 60 என்றால், இருபது நாளைக்கு ரூ. 1,200. லிப்ட், மோட்டார், துப்புரவு என்று பராமரிப்புக்கு ரூ. 750 என்று வையுங்கள். மொத்தம் ரூ. 4,950. இலவச வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய் வாடகை!

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால்தான் இந்தக் கணக்கில் அம்மாவின் பஸ் செலவை நான் சேர்க்கவில்லை. அது பெரிய உதவி. ஆனாலும் டிக்கெட்டுக்குத்தான் காசில்லை, நேரத்துக்கு விலை உண்டு. காலை ஆறு மணிக்கு எசமானி வீட்டில் காபி போட வேண்டியவர் எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவார்? அவர் பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவார்?

அதனால் எங்கள் வேலை வரைபடத்தில் தொடங்குவதில்லை. கணக்கெடுப்பில் தொடங்குகிறது. ஒரே கூரையின் கீழ் பெரியவர், கல்யாணமான மகன், கணவனை இழந்த மகள் என்று மூன்று அடுப்பு எரியும். இது ஒரு குடும்பமா, மூன்றா? ஒரு வீடா, மூன்று வீடா? நாம் போடும் ஒரு கோடு அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். பகல் பதினோரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் பாதி வீடு பூட்டியிருக்கும். வேலைக்குப் போனவர் பெயர் பட்டியலில் விட்டுப்போகும். ஆகவே ஒவ்வொரு தெருவுக்கும் மூன்று தடவை போக வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் விதி: ஒரு காலை, ஒரு இரவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்போர் கூட்டமும் அப்படித்தான். நம்ம ஆபீஸ் நேரத்தில் போட்டால் வேலைக்குப் போகிற பொம்பளைங்க யாரும் வரமாட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

அப்படி ஒரு கூட்டத்தில் எட்டு மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வயசான அம்மா எழுந்து, "எல்லாம் சரி தம்பி, ஏழாவது மாடியில ஒருத்தர் செத்துப்போனா எங்க கிடத்துவீங்க? பாடை லிப்ட்ல நிக்குமா? பந்தல் எங்க போடுவீங்க?" என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. நம் பாடப் புத்தகத்தில் காற்றழுத்தம் உண்டு, நிலநடுக்கம் உண்டு; சாவு வீட்டுக்கு இடம் விடச் சொல்லி எங்கேயும் இல்லை. அன்றைக்கே தரைத்தளத்தில் நான்கு பக்கமும் திறந்த ஒரு கூடம் வரைபடத்தில் ஏறியது. அதில் இப்போது சீமந்தமும் நடக்கிறது, சாயங்காலம் பிள்ளைகள் படிக்கவும் செய்கிறார்கள்.

இஸ்திரி வண்டிக்காரருக்கு மூன்றாவது மாடி ஒதுக்கினால் வண்டியை எங்கே நிறுத்துவார்? இட்லி மாவு அரைத்து விற்பவருக்கு கிரைண்டர் ஓடும் அளவுக்கு மின்சாரம் வேண்டும். மீன் விற்பவருக்குக் கூடை கழுவத் தண்ணீர் வேண்டும். ஏழைக்கு வீடு என்பது தூங்குகிற இடம் மட்டுமல்ல, அதுதான் அவர் பட்டறை, அதுதான் கடை.

சொந்த மனையில் தாங்களே கட்டுபவர்கள் கதை வேறு. 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் இப்படிக் கட்டியவர்களுக்கு மத்திய அரசு ரூ. 1.5 லட்சம், தமிழக அரசு ரூ. 60,000 என ரூ. 2.10 லட்சம் மானியம் கிடைத்தது. பணம் மொத்தமாக வராது. வேலை ஏற ஏறத் தவணையாக வரும். முதல் தவணை வர அடித்தளம் எழும்பியிருக்க வேண்டும். அடித்தளம் போடக் காசு? அங்கேதான் கந்துவட்டிக்காரர் உள்ளே வருகிறார். ஆகவே மேஸ்திரியிடமும் கம்பிக் கடைக்காரரிடமும் உட்கார்ந்து, தவணை வரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பேசுவதும் எங்கள் வேலைதான். கான்கிரீட்டுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும், இருபத்தெட்டாம் நாள் கியூப் டெஸ்ட் பார்ப்பதும், எம்.புக் எழுதுவதும் இதற்கு நடுவில்தான்.

மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, பட்டா, சிட்டா, புறம்போக்கு, எஃப்.எம்.பி. எல்லாம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது என்று தெரியாமல் போட்ட டிசைன் வெறும் காகிதம். இரண்டாவது, குழாயைக் கேவலமாக நினைக்காதீர்கள். மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டு அடுப்படியில் ஒழுகினால், இரண்டு குடும்பம் பத்து வருடம் பேசாமல் இருக்கும். அது என்ஜினீயர் போட்ட சண்டை. மூன்றாவது, குடிமாற்றும் தேதி முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், மே மாதத்துக்காகப் போராடுங்கள். நடுவருடத்தில் மாற்றினால் பள்ளிக்கூடம் நின்றுபோகிற பிள்ளை, பெரும்பாலும் பெண் பிள்ளை, திரும்பிப் போவது கஷ்டம்.

என் தோழர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்களில் பலர் பெரிய கட்டுமானக் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சிலர் அரசில் உயர் பதவியில் இருக்கிறீர்கள். அடுத்த முறை இப்படி ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அந்தக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒரு வரியை மதிப்பீட்டில் சேருங்கள். சங்கத்துக்கும் ஒரு யோசனை: வருடா வருடம் பத்து மாணவர்களை விடுமுறையில் இரண்டு வாரம் கணக்கெடுப்புக்கு அனுப்பலாம். சாப்பாட்டுச் செலவும் பஸ் செலவும் சங்கம் ஏற்றுக்கொண்டால், சொல்லிக்கொடுக்கிற வேலையை நானும் என் சக ஊழியர்களும் பார்த்துக்கொள்கிறோம். ஆர்வமுள்ள மாணவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் பெயர் கொடுக்கலாம்.