மாணவர் மனநலம்

(நமது சங்க மாணவர் விடுதியின் ஆண்டு விழாவில், முன்னாள் காப்பாளர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன்னர், பரீட்சையில் முதன்மையாகத் தேறிய பிள்ளைகளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பெற்றபோது நாம் யாவரும் கரகோஷம் செய்தோம். யானும் செய்தேன். ஆயினும் என் கண்கள் பின்வரிசைப் பிள்ளைகளையே நாடின. அதற்குக் காரணம் உண்டு.

யான் காப்பாளனாயிருந்த காலத்தில், பத்தாம் வகுப்பில் சிறப்பாகத் தேறிய மாணவனொருவன் பதினொன்றாம் வகுப்பில் மெலியத் தொடங்கினான். இரவில் உறங்கான், காலையில் எழான், பந்தியில் அமர்ந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவான். பந்தாட்டத்தில் அவனுக்கிருந்த ஆசையும் அற்றுப்போயிற்று. யான் இதனைச் சோம்பலென்றே துணிந்து, பலர் முன்னிலையில் கடிந்து பேசினேன். அவன் தந்தையாரையும் வரவழைத்தேன். அவர், “உனக்கு வீட்டில் என்னப்பா குறை வைத்தேன்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை, அப்பா” என்றான் பையன். அவன் கூறியது மெய்யே. மனச்சோர்வு என்னும் நோய் வருதற்கு வீட்டில் குறையிருந்தே தீரவேண்டுமென்பதில்லை. ஆறு திங்கள் சென்றபின், விடுதிச் சமையற்காரர் என்னிடம் வந்து, “ஐயா, தம்பி தினமும் கிணற்றடியில் தனியே நின்று அழுகிறது” என்றார். அதன் பின்னரே வைத்தியரிடம் சென்றோம். அவன் இன்று நலமாயிருக்கிறான். கற்றறிந்த யான் காணாததை அச்சமையற்காரர் கண்டார் என்பதை இச்சபையில் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்படவில்லை.

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்கிட்டுள்ளனர். நமது விடுதிப் பிள்ளைகளை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அன்றியும், பருவமெய்துங்கால் உடலில் உறக்கம் வரும் நேரமே இயற்கையாகப் பின்தள்ளிப் போகிறது. அவ்வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நாமோ இரவு பதினொன்று வரை படிக்கச் செய்து, நாலரைக்கு மணியடிக்கிறோம்! கைபேசியைப் பற்றி யான் கண்டித்துப் பேசுவேனென்று எதிர்பார்க்கும் பெற்றோர் சிலர் இங்குண்டு. படுக்கையில் அது வேண்டா. வீட்டில் அதனை முதலில் கீழே வைக்கவேண்டியவர் யாரென்பதைத் தாங்களே அறிவீர்கள்.

பிள்ளைக்கு மனம் சரியில்லையென்றால் நாம் ஏன் மறைக்கிறோம்? நாளை சம்பந்தம் பேசுங்கால் பிறர் என்ன சொல்வார்களோ என்னும் அச்சமே காரணம். அப்பிறர் யாவர்? வேற்றூரார் அல்லர், இப்பந்தலில் அமர்ந்திருக்கும் நாமே. காய்ச்சலுக்கு மருந்துண்டவனைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை. மனநல வைத்தியரைக் கண்டவனை மட்டும் மூன்று தலைமுறைக்கு விசாரிக்கிறோம். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை ஒழித்தனர். நமது சங்கம் ஒழிக்கவில்லை.

மாணவர்காள்! இரண்டு வாரத்திற்கு மேலாகத் துயரமோ, எதிலும் பற்றின்மையோ நீங்காதிருப்பின், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிடில் மற்றொருவரிடம் சொல்லுங்கள். தோழன் சாவைப் பற்றிப் பேசினால், அதனை இரகசியமாகக் காத்தல் நட்பாகாது. அவனைத் தனியே விடாமல் உடனே காப்பாளரிடம் தெரிவியுங்கள். “அவ்வெண்ணம் உனக்குண்டா?” என்று நேரே வினவுவதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாதென்று வைத்தியர் உறுதி கூறுகின்றனர். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ உதவிக்கு 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

காரியதரிசியவர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். அந்த எண்ணை ஒவ்வோர் அறைக் கதவிலும் எழுதி ஒட்டுவிக்க வேண்டும். விடியற்கால மணியை ஆறு மணிக்கு மாற்ற வேண்டும். பதக்கத்தைப் பற்றிய என் கருத்தை நிர்வாகசபைக் கூட்டத்தில் தெரிவிப்பேன். அங்கே எதிர்ப்பு மிகுதியாயிருக்குமென்பதும் அறிவேன்.