மின்னஞ்சலும் தமிழ் வணிக மடலும்



ஓலை, முடங்கல், திருமுகம் என மடலுக்குப் பல பெயர் சூட்டிய மொழி தமிழ். பதினோராம் திருமுறையில் முதலாவதாக நிற்பதே ஒரு மடல்தான். ஆலவாய் இறைவன், பாணபத்திரர்க்குப் பொருளுதவி வேண்டிச் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகப் போற்றப்பெறும் திருமுகப் பாசுரம் அது. விடுப்பவர் யார், பெறுபவர் யார், கொண்டு வருபவர் யார், செய்ய வேண்டுவது யாது என்னும் நான்கும் அச்சில அடிகளுள் ஐயத்துக்கு இடமின்றி அமைந்துள்ளன. புலவர்கள் பத்தியைக் காணும் அப்பாட்டில், வணிகர்கள் நல்ல மடலின் இலக்கணத்தையும் காணலாம்.

அவ்விலக்கணம் பெரியநாயக்கன்பாளையத்துக்கு இன்று மிகவும் வேண்டப்படுகிறது. 1962-இல் ஜி.கே. தேவராஜுலு தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனத்தால், நூற்பாலை இயந்திரங்கள் செல்லும் இடமெல்லாம் இவ்வூரின் பெயரும் சென்றது. மேட்டுப்பாளையம் சாலையின் இருமருங்கிலும் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பெருகின. வார்ப்படத்தின் குறையைத் தட்டிய ஒலியிலேயே கண்டறியும் தொழில் வல்லார் பலர் அவற்றில் உள்ளனர். இரும்பை அறிந்த அவர்கள், தமக்கு வரும் மடலின் மொழியை அந்த அளவு அறிந்துள்ளனரா என்பதே ஈண்டு எழும் வினா.

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே, இணைப்புக் கிடைக்குமா என்று காத்திருந்து மடல் அனுப்பிய காலம் அது. 2004-இல் வெளியான மைய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றையின் தொடக்க அளவாகக் கொண்டது. இன்றோ பொறியியல் வரைபடம் கோவையிலிருந்து ஜெர்மனிக்குச் சில நொடிகளில் சென்று சேர்கிறது. வேகம் வளர்ந்தது, விடை எழுதுமுன் நின்று எண்ணிப் பார்க்கும் பொழுது சுருங்கியது.

அச்சுருக்கத்தில் இடர் ஒன்று உள்ளது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. மின்னணு வடிவில் அமைந்தது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதை 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. துபாய் நிறுவனமான டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்குப் பாக்சைட் அனுப்புவது குறித்த வழக்கில், முறையான பத்திரம் கையெழுத்தாகாத நிலையிலும், மின்னஞ்சல் வழியே நிகழ்ந்த பேச்சும் ஏற்புமே ஒப்பந்தத்தை உருவாக்கிவிட்டன என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, சிறு பட்டறை உரிமையாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் நெடிய மடல் வருகிறது. விலையும் எண்ணிக்கையும் அவர் கண்ணுக்குப் புலப்படுகின்றன. காலந் தவறினால் தொகையில் கழிவு, சோதனையில் தேறிய பின்னரே பணம் என்னும் நிபந்தனைகள் கடைசிப் பத்தியில் கிடக்கின்றன. அவர் "ஓகே" என்று ஒரு சொல் எழுதி அனுப்புகிறார். வாய்ச்சொல்போல் காற்றோடு போகாமல், அவர் படித்துணராத பத்திக்கும் அந்த ஒரு சொல் ஏற்பாக நிற்கக்கூடும்.

அயல்நாட்டாருடன் ஆங்கிலம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயின் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஈரோட்டுக் கடைக்கும் திருப்பூர் ஆலைக்கும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டிய கட்டாயம் யாது? எழுத்துருவுக்கு எழுத்துரு தமிழ் சிதைந்து தோன்றிய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒருங்குறி பரவியபின் எழுத்துச் சிதைவும் நீங்கியது. கருவியின் தடை அகன்றது. எஞ்சியிருப்பது பழக்கத்தின் தடையே.

"தங்கள் ஆணைப்படி 200 வார்ப்படங்களுள் 180 இன்று அனுப்பப்பட்டன. எஞ்சிய 20 வெள்ளிக்கிழமை வந்து சேரும். 30 நாள்களுக்குள் தொகையை அனுப்ப வேண்டுகிறோம்." இத்தகைய மடலுக்கு அகராதியும் வேண்டா, அலங்காரமும் வேண்டா. விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, நினைவூட்டு, முறையீடு ஆகிய நான்குக்கும் நல்ல மாதிரிகள் கிடைத்தால் போதும்.

இன்னொரு காவலும் தேவை. பழகிய வணிகரின் முகவரிபோலவே தோன்றும் முகவரியிலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மடல் விடுத்துப் பணத்தைக் கவரும் வஞ்சகர் உலகெங்கும் உள்ளனர். முகவரியில் மாறியிருப்பது பெரும்பாலும் ஓரெழுத்தே. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைப் புலவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வணிகர்க்கு எடுத்துரைக்க வேண்டும். கணக்கு மாற்றம் பற்றிய மடல் எதுவாயினும், முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்தபின் பணம் அனுப்புவதே முறை.

மாதிரி மடல் எழுதுவது கவிஞர் பணியாகுமா என்று சிலர் வினவலாம். இவ்வூரிலேயே அதற்கு விடை உண்டு. இங்குள்ள இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் முன்னின்று தொடங்கியதே தமிழ் வளர்ச்சிக் கழகம். அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியராய் உழைத்த பெ. தூரன், வித்யாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர், கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். அணுவையும் உயிரணுவையும் தமிழில் விளக்கும் பணியைத் தம் கவிதைக்கு இழுக்கென அவர் கருதவில்லை.

பத்தாண்டு நிறைவுறும் இவ்விலக்கிய வட்டம், பாட்டரங்குக்கு ஒதுக்கும் மாலைகளுள் ஒன்றை வணிக மடலுக்கும் ஒதுக்குமாயின், பட்டறைகளில் தமிழ் பேச்சளவில் நில்லாமல் கணக்கிலும் ஏறும். தாம் ஒப்புக்கொள்வது இன்னதென்று தெளிந்து ஒப்புக்கொள்ளும் உரிமை, இரும்பை உருக்கும் கைகளுக்கும் வாய்க்கும்.