பழைய செயின் லோடர் வாங்கும் முன்



ஐம்பத்தைந்து வயதில் தகப்பனாருக்கு ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. மூத்த மகன் செம்பனைத் தோட்டத்தில் டிரெக்டர் ஓட்டுகிறவன். இளையவன் பட்டறையில் தொழில் பழகியவன். "எத்தனை நாளைக்குத்தான் ஊரான் இயந்திரத்தை ஓட்டுவது? பழைய லோடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்னால் பக்கெட், பின்னால் பேக்ஹோ. வாங்கிப் போட்டால் கான் வெட்டலாம், மண் ஏற்றலாம், சொந்தமாகக் குத்தகை எடுக்கலாம்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தாயார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பேச்சு தோட்டப்புறத்திலும், தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் குடியேறிய வீடுகளிலும் புதிதல்ல. நியாயமான ஆசைதான். ஆனால், முப்பது வருடம் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் போகப்போகிறது. ஆகையால், பணப்பையைத் திறக்குமுன் இயந்திரத்தை எப்படிப் பார்ப்பது என்பதை இன்று பேசுவோம்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்குக் கிடைக்கப்போவது என்ன வேலை? டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஓடும் இந்த லோடர், மேட்டைச் சரிப்படுத்துவது, லோரியில் மண் ஏற்றுவது, பின்பக்கத்தால் குழி தோண்டுவது ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் செய்யக்கூடியது. அதுவே அதன் பெருமை. ஆனால் அது சாலையில் ஓடாது. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக, தாழ்வான டிரெய்லர் லோரியை வாடகைக்குப் பிடிக்கவேண்டும். இன்று இரண்டு மணி நேரம், நாளை வேறு இடத்தில் இரண்டு மணி நேரம் என்று சில்லறை வேலை செய்பவருக்கு வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அவருக்கு டயர் போட்ட பேக்ஹோவே நல்லது. கான் வெட்டுவது ஒன்றே தொழில் என்றால் சிறிய எக்ஸ்கவேட்டர் மேல். அது சுற்றித் திரும்பி வெட்டும். பேக்ஹோ பின்பக்கம் மட்டுமே வெட்டும். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கத்துச் சதுப்பு மண்ணில் வேலை என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். பக்கெட் நிறைய மண்ணை அள்ளியதும் பாரம் முழுவதும் முன்பக்கம் விழும். குறுகிய சங்கிலித் தகடு உள்ள லோடர் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அதை இழுத்தெடுக்க இன்னொரு இயந்திரம் வரவேண்டும்.

இவ்வளவையும் யோசித்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், இயந்திரத்தைப் பார்க்கப் போகலாம்.

புதிய மஞ்சள் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்து டின் பெயிண்ட் ஒரு வெடிப்பை மறைக்கும், ஒட்டாது. நேராகக் குனிந்து கீழே பாருங்கள். சங்கிலி இயந்திரத்தின் பராமரிப்புச் செலவில் ஏறக்குறையப் பாதியைக் கீழ்ப்பகுதியே தின்றுவிடும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் போடும் கணக்கு. எஞ்சின் நன்றாக உறுமுகிறதே என்று வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் சங்கிலிக்கும் ரோலருக்கும் கடன் வாங்குவோர் இருக்கிறார்கள்.

சங்கிலியின் ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு சேர்ப்பது பின். அந்தப் பின்னுக்கு உறைபோல் இருப்பது புஷ். இரண்டுக்கும் இடையே தேய்மானம் ஏற்பட்டால் கண்ணிகளின் இடைவெளி கூடிவிடும். சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். நீண்ட சங்கிலி, பின்னாலுள்ள பல்சக்கரத்தின் பல்லில் சரியாக உட்காராது; ஏறி இறங்கி அரைக்கும். பற்கள் நுனி தடித்து, இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் நல்லது. கத்திபோல் கூராகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சங்கிலியும் சக்கரமும் சேர்ந்தே போய்விட்டன என்று அர்த்தம்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, அளந்து பாருங்கள். பல்சக்கரத்தில் ஒரு கனத்த இரும்புத் துண்டைக் கொடுத்து, இயந்திரத்தை மெல்லப் பின்னால் நகர்த்தச் சொன்னால் சங்கிலியின் மேல்பக்கம் விறைப்பாகும். எஞ்சினை அணைத்த பின், ஒரு பின்னின் நடுவிலிருந்து நான்கு கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரைக்கும் டேப் பிடித்து அளந்து, நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலுக்குப் புதிதில் என்ன அளவு, எவ்வளவு கூடினால் கழிக்கவேண்டும் என்பதை முகவர் கடையில் கேட்டால் சொல்வார்கள். இடது, வலது இரண்டையும் அளக்கவேண்டும். ஒரு புறம் மட்டும் சங்கிலியை மாற்றியிருப்பதும் உண்டு.

புஷ் ஒரு பக்கம் தேய்ந்தால் அதை அரைவட்டம் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். இது ஒரு முறைதான் நடக்கும். ஆகவே புஷ்ஷின் இரண்டு பக்கமும் தேய்மானம் தெரிந்தால், அந்த ஒரு வாய்ப்பையும் பழைய முதலாளி பயன்படுத்திவிட்டார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறொரு தந்திரமும் உண்டு. நீண்டுபோன சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டால் சங்கிலி இறுக்கமாகத் தெரியும். கண்ணிகளை எண்ணிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் கணக்கில் பிசகமாட்டார்கள்.

ரோலர்களில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கிறதா, ஏதாவது ஒன்று சுற்றாமல் நின்று தட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். பல்சக்கரத்தை ஒட்டியுள்ள பைனல் டிரைவில் எண்ணெய்க் கசிவு இருந்தால் விலை பேசுவதற்கு முன் மெக்கானிக்கை அழையுங்கள். அதன் எண்ணெயில் கொஞ்சம் பிடித்துப் பார்த்து, இரும்புப் பொடி மின்னினால் உள்ளே பல் தேய்கிறது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; உங்கள் வீட்டு இளைஞர்களுக்கே தெரியும். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளைக் காலை வருகிறோம், நாங்கள் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைப்பு அல்லது டீசல் பம்ப் காரணமாகலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. எண்ணெய் அளக்கும் கோலில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். மணி காட்டும் மீட்டரை நம்பவேண்டாம். மிதிக்கும் பெடலின் தேய்மானமும், லீவர் குமிழின் பளபளப்பும் மீட்டரைவிட யோக்கியமான சாட்சிகள்.

அடுத்து ஹைட்ராலிக். இதைச் சோதிக்கக் குறைந்தது ஒரு மணி நேரமாவது மண்ணில் வேலை வாங்கவேண்டும். தேய்ந்த பம்ப், எண்ணெய் குளிர்ச்சியாய் இருக்கும்போது தெரியாது. சூடாகி எண்ணெய் இளகிய பிறகுதான் கை தளரும். அரைநாள் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பதே என் யோசனை. சூடான பின் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ பழுது. யாரும் அதன் அடியில் நிற்கக்கூடாது, ஒரு நொடிகூட. பேக்ஹோவின் தாங்குகால்களையும் இப்படியே பார்க்கவேண்டும். தாங்குகால் மெல்ல இறங்கினால் இயந்திரமே ஒருபக்கம் சாயும். கான் ஓரத்தில் அது சின்ன விஷயமல்ல.

பேக்ஹோவின் பூமை நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். மூட்டுப் பின்களில் இருக்கும் ஆட்டம் நுனியில் பல மடங்காகத் தெரியும். முக்கியமாக, பூம் திரும்பும் அடிமூட்டையும், பேக்ஹோவை லோடரின் உடலோடு பிணைத்திருக்கும் இடத்தையும் டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். தோண்டும்போது வரும் இழுவை எல்லாம் அங்கேதான் சேரும். பழைய வெல்டிங் தழும்பு இருப்பது குற்றமில்லை. தழும்புக்குப் பக்கத்தில் புதிய வெடிப்பு ஓடினால் அது தீராத நோய்.

பிறகு ஸ்டியரிங் கிளட்ச். இரண்டு பக்கமும் சமமாகத் திரும்புகிறதா? பக்கெட்டை ஒரு மேட்டில் முட்டக் கொடுத்துத் தள்ளச் சொல்லுங்கள். இரண்டு சங்கிலியும் மண்ணைப் பறித்துக்கொண்டு சுற்றினால் நல்லது. ஒரு சங்கிலி நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துக் கிளட்ச் நழுவுகிறது. இரண்டும் நின்று, எஞ்சின் மட்டும் வீணாக ஓடினால் கோளாறு கியர்பெட்டிப் பக்கம்.

இரும்பு சரி, இனித் தாள்கள். எஞ்சின் எண்ணையும் உடலில் பொறித்த எண்ணையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் என்றால் சுங்கத்துறையின் கே1 பாரத்தின் நகலைக் கேளுங்கள். நிதி நிறுவனத்தில் பாக்கி ஏதும் இல்லை என்பதற்கு அந்த நிறுவனத்தின் கடிதமே வேண்டும். "எல்லாம் கட்டியாகிவிட்டது தம்பி" என்ற வாய்வார்த்தை போதாது. 1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலேயே அடங்கியுள்ள நிபந்தனை. ஆனால் தரத்தைப் பற்றி அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: வாங்குபவர் பொருளைப் பார்வையிட்டிருந்தால், அப்பார்வையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்குத் தரம் பற்றிய பாதுகாப்பு கிடையாது. ஆகையால் அரைகுறையாகப் பார்ப்பது ஆபத்து. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் சாதாரணமாக வாங்கும் பொருள்களைப் பற்றியது. லோடருக்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தின் கதவைத் தட்டமுடியாது. விற்பவர் தரும் வாக்குறுதி எதுவானாலும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

உதிரிப் பாகங்களையும் விசாரியுங்கள். பெயர்பெற்ற கம்பெனிகளும் கைமாறிவிட்டன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் கட்டுமான இயந்திரப் பிரிவை 1982-இல் டிரெஸ்ஸருக்கு விற்றுவிட்டது. அந்தக் காலத்து இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், மலிவாய் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். சீல், ரோலர், பல்சக்கரம் ஆகிய மூன்றின் விலையையும், எத்தனை நாளில் வரும் என்பதையும் இரண்டு கடைகளில் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே விலை பேசுங்கள். தேய்ந்த பாகங்களின் விலையை ஒரு தாளில் கூட்டி, சொன்ன விலையில் கழித்துக் கேட்பதில் வெட்கமில்லை.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். டிரெய்லர் வாடகை, எண்ணெய்கள், வடிகட்டிகள், முதல் இரண்டு மாத டீசல், எதிர்பாராமல் உடையும் ஒரு பாகம் ஆகியவற்றுக்கான பணம் தனியே இருக்கட்டும். அந்தப் பணத்தை வீட்டில் தாயார் கையில் கொடுத்து வைப்பது நல்லது. அது தீர்ந்தால் வட்டி முதலைகளின் வாசல்தான் அருகில் தெரியும். முன்பணம் கொடுக்கும்போது, டிரெய்லரில் ஏற்றும் நாளில் மறுபடியும் எண்களைச் சரிபார்ப்போம், சோதித்த அன்று இருந்த பேக்ஹோ பக்கெட்டும் மற்றச் சாமான்களும் அப்படியே இருக்கவேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணத்தை, இயந்திரம் டிரெய்லரில் ஏறி நின்ற பிறகு கொடுக்கலாம்.