பேச்சுச் சிகிச்சைக்குத் தமிழ் தெரிந்தவர்கள் தேவை



பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம்? பேச்சுச் சிகிச்சை படிக்கலாம் என்பேன். இத்துறையில் முன்பயிற்சி இல்லாத பட்டதாரிகளுக்கென்றே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2007இல் ஈராண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. வகுப்பில் உடற்கூறும் மொழியியலும் கற்பதோடு வேலை முடிந்துவிடாது. மேற்பார்வையாளர் கண்முன்னே நோயாளிகளைக் கவனித்துப் பழக வேண்டும். திக்கிப் பேசும் குழந்தை, பக்கவாதத்தால் சொல் வராமல் தவிக்கும் முதியவர், தண்ணீர் குடித்தாலே புரையேறும் நோயாளி எனப் பலரும் வருவார்கள்.

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டில் தமிழே பேசும் மூன்று வயதுப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலம் தெரியாததே குறையாகக் கணக்கில் ஏறிவிடலாம். உண்மையான மொழிக் குறைபாடு என்றால் தமிழிலும் தெரியும். பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறது. அது மழலையா, வீட்டுப் பேச்சு வழக்கா, சிகிச்சை வேண்டிய குறையா? தமிழ் கேட்டு வளர்ந்தவருக்கே சட்டென விளங்கும். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கு இழந்த சொற்களை வேறு எந்த மொழியில் மீட்டுத் தருவது?

பெற்றோர்களே, மருத்துவம், பொறியியல், சட்டம் என்று நீளும் உங்கள் பட்டியலில் இத்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.