ஜெராய் மலையும் கணினி மலையும்

 

வீடியோ விளையாட்டுல வருகிற மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய நிலத்தைக் கையால் வரைந்து மாளாது, கணக்குதான் கட்டுகிறது. நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உயரத்தை எண்ணாகக் கொடுக்கிறார்கள். நம் குருணுக்கு மேலே நிற்கும் ஜெராய் உச்சிக் கட்டத்தில் 1217 மீட்டர். அடிவாரத்து வயலில் சில மீட்டர்தான்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் உலகைச் சுற்றி, ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. நம் ஜெராயும் அதில் உண்டு. இல்லாத மலை வேண்டுமா? கென் பெர்லின் என்ற அமெரிக்கர் 1985இல் வெளியிட்ட கணக்குமுறை இருக்கிறது. பெரிய மேடு, அதன்மேல் சின்ன மேடு, அதற்கும் மேல் பொடி மேடு என்று அடுக்கலாம்.

அப்படியும் அது மலையாகத் தெரியாது. மழை பெய்யணும்! நீரோடி மண் அரித்த தடம் வேணும். அதனால் கணினிக்குள்ளேயே பொய்மழை பெய்விக்கிறார்கள். சரிவில் மட்டம் பார்த்துப் படி வெட்டிப் பால்மரம் நட்டவர்களுக்கு இது புதுசா என்ன? தண்ணி எந்தப் பக்கம் இறங்கும், மண் எங்கே கரையும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

பிள்ளைகளே, இந்த விடுமுறையில் கட்டத்தாளில் ஜெராயை எண்களாக எழுதிப் பாருங்கள். தண்ணி எங்கே ஓடும் என்று தெரியாத கட்டம் வந்தால், வீட்டுல தாத்தா பாட்டியைக் கேளுங்க.